நூற்றுக்கு நாலு

தெரியாது என்று ஒரு சொல் இருப்பதே வீரணனுக்குத் தெரியாது என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் அதில் பாதி மரியாதை. தையல் மெஷின் மோட்டார் புகைந்தாலும் வீரணன், முதலாளி வீட்டு மிக்சி ஓடாவிட்டாலும் வீரணன், வாட்ச்மேனின் செல்போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலும் வீரணன். "ஆகுமா?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் "ஆகும், கொடுங்க" என்று கையை நீட்டிவிடுவான். பத்தில் எட்டு ஆகவும் செய்யும். ஆகாத இரண்டு எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர் அவனுக்கு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த கையோடு திருப்பூர் பஸ் ஏறியவன், அங்கேரிபாளையம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டான். மனைவி கருத்தம்மாவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனைத் திருப்பிப் போட்டு, ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்க வேண்டும். அவள் விரலுக்குத் தப்பிய குறை ஒன்றுகூட வெளிநாடு போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். வீட்டுக்காரனிடம் மட்டும் அவள் ஒரு குறையும் கண்டதில்லை. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா?" என்று சாப்பாட்டு நேரத்தில் சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கரண்ட் கட்டு வந்து எல்லாருடைய பிழைப்பிலும் மண்ணைப் போட்டது. தினம் மூன்று மணி நேரம், சில நாள் நாலு, சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். தையல் மெஷின்களுக்கு ஒரு பழைய சின்ன ஜெனரேட்டர் இருந்தது. அயர்னிங்கை அது தாங்காது. இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி கொடுக்கிற பாய்லரைப் போட்டால் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். கரண்ட் போனதும் அயர்ன் மாஸ்டர்கள் பன்னிரண்டு பேரும் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்ட வேண்டியதுதான். பீஸ் ரேட் ஆட்கள், கை ஓடாத நேரத்துக்குக் கூலி கிடையாது. அவர்களில் மூத்தவன் முனீஸ். வீரணனுக்கு ஊர்க்காரன், வீரணன் கூப்பிட்டுத்தான் திருப்பூருக்கே வந்தவன்.

முதலாளி தங்கராஜ் கணியூர்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் வீரணனை ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஏப்பா வீரணா, பெரிய ஜெனரேட்டர் ஒண்ணு செகண்ட்ஸுல வருது. ஆயுதபூஜை வரைக்கும் எனக்கோசரம் நிறுத்தி வெக்கறேன்னு சொல்லீருக்காங்க. டீசலக் குடிச்சே நம்மளக் காலி பண்ணீருமேன்னு யோசனை. வேற ஏதாச்சும் வழி இருக்குதா?"

"தெரியலைங்க மொதலாளி" என்று சொல்லியிருக்கலாம். நாலே எட்டில் வெளியே வந்திருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேப்பர் இணைப்பில் ஒரு கட்டுரை படித்திருந்தான். வெயிலிலிருந்து கரண்ட், அந்தக் கரண்டைத் தண்ணீருக்குள் விட்டால் தண்ணீர் இரண்டு வாயுவாகப் பிரியும், அதில் ஒன்று எரியும். எரிந்தால் மறுபடி தண்ணீர். வாய் அவனைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது?

"வெயிலும் தண்ணியும் போதும் மொதலாளி. கேஸ் வந்துரும். பாய்லருக்கு அடியில எரிச்சா நீராவி. டீசலே வேண்டாம்."

"ஆகுமா?"

"ஆகும்."

திருப்பூரில் எதைச் சொன்னாலும் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். அதிலும் பிராசஸ் லாஸ் போட்டுத் தர வேண்டும். நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் தொண்ணூற்று நாலுதான் திரும்பி வரும், சீட்டில் ஆறு என்று எழுதியிருக்கும். அடுத்த வேலைக்கு இரண்டு, கட்டிங்கில் பன்னிரண்டு. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கூட்டி, நூறில் கழித்தால் கைக்கு வருவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். சீட்டில் ஒரு வேலையின் பெயருக்கு எதிரே ஒரு சதவீதம் இருந்தால் அது போகிறது என்று பொருள். வேறு பொருள் இருக்க முடியும் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாது.

கோயமுத்தூர்க் கடைக்காரன் கொடுத்த சோலார் பேனல் நோட்டீசில், இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே பன்னிரண்டு சதவீதம் என்று இருந்தது. வீரணன் அதை அப்படியே எடுத்து எழுதினான். பேனல் 12, வயர் 3, தண்ணீரைப் பிரிப்பதில் 30. தண்ணீருக்கு முப்பது போட்டது தாராளமாக இருக்கட்டும் என்றுதான். மொத்த லாஸ் நாற்பத்தைந்து, மீதி ஐம்பத்தைந்து. நாலு பேனல் போட்டால் கரண்ட் இல்லாத மூன்று மணி நேரமும் ஒரு மேஜை ஓடும் என்று அடியில் எழுதிக் கோடு போட்டான்.

தங்கராஜ் சீட்டைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பாதிக்கு மேல வந்துருதேப்பா. செரி, மொதல்ல நாலு பேனல் சாம்பிள் போடு. ஆயுதபூஜையன்னிக்குப் பாத்துட்டு, ஓகேன்னா மேல் கூரை முச்சூடும் பல்க்."

வீரணன் வேலையில் இறங்கிவிட்டால் வீரணன்தான். பழைய இரும்புக் கடையில் சாயத்தொட்டித் தகடு வாங்கி அறுத்து, வரிசையாக ஒரு பெட்டிக்குள் நிறுத்தினான். சாயப்பட்டறையிலிருந்து காஸ்டிக் சோடா வந்தது. அதைக் கலந்தால்தான் தண்ணீரில் கரண்ட் ஓடும். முதலாளி தோட்டத்தில் சும்மா கிடந்த சாண எரிவாயுக் கொப்பரையைக் கொண்டுவந்து, கம்பெனிப் பின்புறம் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்தான். உள்ளே வாயு சேரச் சேரக் கொப்பரை மேலே எழும்பும். கூரையில் நாலு பேனல், கீழே பெட்டி, பெட்டியிலிருந்து எரிகிற வாயு மட்டும் கொப்பரைக்குப் போக ஒரு குழாய், மற்ற வாயு வெளியே போக இன்னொரு குழாய். பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆள் மாதிரி எல்லா இடத்திலும் குழாய்.

முதலில் ஒரு பாட்டில் வாயுவைப் பிடித்துப் பர்னரில் விட்டுத் தீக்குச்சி காட்டினான். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தீயே தெரியவில்லை. கையைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் எரிகிறது என்று தெரிந்தது. அந்த வாயுவின் தீக்குப் பகலில் நிறம் கிடையாது. எட்ட நின்ற முனீஸ், "எரியுதாண்ணே?" என்று கேட்டான். வீரணன் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் பர்னர்மேல் தூவினான். தீ மஞ்சளாகச் சீறி எழுந்தது. முனீஸ் கை தட்டினான். பொய் என்று பார்த்தால் அதுதான் முதல் பொய், ஒரு சிட்டிகை அளவு.

ஆயுதபூஜைக்கு நாலு நாள் முன்னால் முழுச் சோதனை. மேகம் ஒன்றுகூட இல்லாத வெயில், காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. மார்பளவுக்கு எழும்பும் என்று அவன் சொல்லியிருந்த கொப்பரை நாலு விரல் எழும்பி நின்றது. கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தான், கசியவில்லை. வயரை அவிழ்த்து மறுபடி முறுக்கினான். கொப்பரை அப்படியே நின்றது.

ஜனனி அப்போதுதான் அங்கே வந்தாள். ஊத்துக்குளியிலிருந்து தினம் ரயிலில் வருகிற பெண், கெமிஸ்ட்ரி படித்தவள். துணியின் எடையும் சுருக்கமும் பார்க்கிற சின்ன லேப் அவள் பொறுப்பு. வீரணன் செய்வதை ஆரம்பத்திலிருந்தே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். பேனல் நோட்டீசை வாங்கிப் படித்தாள், பிறகு அவனுடைய கணக்கைக் கேட்டாள். சொன்னான். அவள் முகம் மாறியது.

"ஏனுங்கண்ணா, இந்தப் பன்னெண்டு போறது இல்லீங்க. வர்றது."

"என்னம்மா சொல்ற?"

"நூறு பங்கு வெயில் விழுந்தா, பன்னெண்டு பங்குதானுங்க கரண்டாவும். மிச்சமெல்லாம் பேனல் சூடாகியே போயிருமுங்க. பின்னாடி தொட்டுப் பாருங்க."

கூரைக்கு ஏறிப் போய்த் தொட்டுப் பார்த்தான். விரல் பொரிந்துவிடும் போலிருந்தது. அவள் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த மாதிரிச் சூட்டில் பன்னிரண்டும் வராது, ஒன்பதுதான் வரும். பேனல் தருகிற அளவும் பெட்டி இழுக்கிற அளவும் சரியாகப் பொருந்தாததால் அதிலும் ஒன்று போகும். தண்ணீரைப் பிரிக்க ஒன்றேகால் வோல்ட் போதும் என்று புத்தகத்தில் இருக்கிறது, இவன் பெட்டி இரண்டரை இழுக்கிறது. தகட்டில் குமிழி ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கிறது, தள்ளித் தள்ளி மிச்சமெல்லாம் தண்ணீரில் சூடாகத் தங்கிவிடுகிறது. கீழே வந்து பெட்டிமேல் கை வைத்தான். வெந்நீர் அண்டா மாதிரி இருந்தது.

"கடைசில?"

"நூத்துக்கு நாலுங்கண்ணா." பிறகு அவனுக்குப் புரிய வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். "நூறு கிலோ துணி அனுப்பி நாலு கிலோ திரும்பி வந்தா, அந்தச் சாயப்பட்டறைக்காரரச் சும்மா உடுவீங்களா? உங்க மேல தப்பில்லீங்க, இதுல எல்லாத்துக்குமே இப்படித்தானுங்க. மொதலாளிகிட்டச் சொல்லீருங்க. ஜெனரேட்டர் இன்னும் நமக்குத்தான நிக்குது."

ஆயுதபூஜைக்கு நாலு நாள் இருந்தது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் தங்கராஜ் கம்பெனியில்தான் இருந்தார். முதலாளி ரூம் வாசல் வரை வீரணன் மூன்று தடவை போனான். ஒரு தடவை உள்ளேயே போய்விட்டான். "என்னப்பா?" என்று அவர் நிமிர்ந்ததும், "ஃபேன் சத்தம் போடுதான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லி ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டுவிட்டு வந்தான். சத்தமே போடாத ஃபேன் அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்பெனி பூட்டியிருந்தது. ஆபீஸ் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக இழுத்து, சுவரோரமாக விட்டு, பேனல் வயரோடு சேர்த்துக் கட்டிப் பெட்டியில் கொடுத்தான். ஒரே நிற வயர், ஒரே டேப். சுத்தமான வேலை. அந்த வேலையின் சுத்தத்தைப் பற்றி நினைக்கிறபோதுதான் பிற்காலத்தில் அவனுக்கு உடம்பு கூசும். செய்யும்போது கூசவில்லை. சாம்பிளை எந்தக் கம்பெனியில் சாதா டெய்லரிடம் கொடுக்கிறார்கள், கைதேர்ந்தவனை உட்காரவைத்துத் தைத்துத்தானே அனுப்புகிறார்கள், பல்க் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்று நாள் ஈபி கரண்ட் பேட்டரியில் ஏறி, பேட்டரியிலிருந்து தண்ணீரில் இறங்கியது. கொப்பரை மார்பளவுக்கு எழும்பியது. எல்லாம் ஒரே நாள் வெயிலில் வந்தது என்று சொன்னான்.

ஆயுதபூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது பெட்டிக்கும் கொப்பரைக்கும் வைத்தார்கள். முனீஸ் தன் காசில் வாங்கிவந்த சம்பங்கி மாலையைப் பேனல் கம்பிக்குச் சுற்றினான். சுற்றிய இடத்துக்குப் பின்னால்தான் அந்த வயர் போனது. தங்கராஜ் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "கருத்தம்மா எங்கீங்க? அவங்களே பத்த வெக்கட்டும்" என்றார். கருத்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, கும்பிட்டுவிட்டுத் தீக்குச்சி கிழித்தாள். வீரணன் உப்புத் தூவினான். மஞ்சள் தீ எழுந்தது, சின்ன பாய்லர் விசிலடித்தது, முனீஸ் ஒரு மணி நேரம் அயர்ன் பண்ணினான். பொரி கடலை வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கருத்தம்மாவைத்தான் பார்த்தார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சுவரோரமாகப் பார்வையை ஓட்டினாள். ஜனனிதான். அன்றோடு பின்புறம் வருவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் வழி விட்டு ஒதுங்கினாள், 'அண்ணா' என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று.

தங்கராஜ் அங்கேயே நின்று ஜெனரேட்டர்காரருக்குப் போன் பண்ணினார். "நமக்கு வேண்டாமுங்க, வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றார். நாலு கட்டடம் தள்ளி இருந்த இன்னொரு கம்பெனிக்கு மறுநாளே அது போயிற்று. வேலை செய்கிறபோது அதன் சத்தம் அயர்னிங் வரைக்கும் கேட்கும்.

அதற்குப் பிறகு தீபாவளி ஷிப்மென்ட் நெருக்கம், கரண்ட் கட்டு நாலு மணி நேரமாகிவிட்டது. அயர்ன் மாஸ்டர்கள் மேஜையில் உட்கார்ந்து, "அண்ணன் பல்க் எப்ப போடுறாக?" என்று முனீஸைக் கேட்பார்கள். "பேனல் வரணும்ல? பொறுடா" என்று முனீஸ் அதட்டுவான். முதலாளியோ தெரிந்தவர்களை எல்லாம் கூட்டிவந்து கொப்பரையைக் காட்டினார். அவர்கள் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே வயரைக் கொடுக்க வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவர் படித்துக் காட்டும்போது, பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டியிருந்தது. தலை குனிந்து நிற்பதை அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சாப்பாட்டு நேரத்தில் கருத்தம்மாதான் அந்தச் சேதியைச் சொன்னாள். "முனீஸ அந்த ஜெனரேட்டர் கம்பெனியில கூப்பிட்டாகளாம். முழு நாளும் வேலை இருக்கு, மறுநாளே வான்னு. இவன் மாட்டேன்னுட்டானாம். எங்க அண்ணன் மெஷின் ஓடப்போகுது, நான் எதுக்கு வாரேன்னானாம். பாருங்க, உங்க மேல எம்புட்டு நம்பிக்கை!"

வீரணன் டிபன் பாக்ஸை மூடினான். கையைக்கூடக் கழுவாமல் முதலாளி ரூமுக்குப் போனான். இந்தத் தடவை ஃபேனைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு போகிறதல்ல, வருகிறது என்பதிலிருந்து இன்வெர்ட்டர் வயர் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

தங்கராஜ் சட்டைப் பையில் கை விட்டார். சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, அது சுருண்டுகொள்ளாமல் இரண்டு கையாலும் நீவினார்.

"கணக்குத் தப்பறது யாருக்கும் வர்றதுதானுங்க வீரணா. பூஜைக்கு முன்னாடி சொல்லீருந்தா உட்டுருப்பேன்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனை அவர் 'ங்க' போட்டுப் பேசினார். அது மரியாதை இல்லை என்று வீரணனுக்குத் தெரிந்தது. "எங்கிட்டச் சொன்னாப் போதாது. எனக்குப் போனது ஒரு ஜெனரேட்டர். உக்காந்து கெடந்தது அவங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

அயர்னிங்கில் கரண்ட் இல்லை. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். வீரணன் நின்றபடியே சொன்னான், அது பொய், வெயிலில் அவ்வளவு வராது, நான் ஏமாற்றிவிட்டேன் என்று. முனீஸ் மேஜையிலிருந்து குதித்தான்.

"மொதலாளி சொல்லச் சொன்னாராண்ணே?"

"இல்லடா..."

"பல்க் போட மனசு வரல, அதான் உங்கள விட்டு இப்படிச் சொல்லச் சொல்றாரு. எனக்குத் தெரியாதா உங்கள? நாங்கதான் கண்ணால பாத்தோம்ல, ஒரு மணி நேரம் நான் அயர்ன் பண்ணலையா? வாங்கடா, மொதலாளியவே கேப்போம். எங்க அண்ணனப் பொய்க்காரராக்கப் பாக்குறாரு!"

மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். வீரணன் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றான். தான் பொய்யன் என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. அதையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. "வாங்க, காட்டுறேன்" என்று பின்புறம் கூட்டிப்போனான். சத்தம் கேட்டுச் செக்கிங் பெண்களும் வந்துவிட்டார்கள்.

காய்ந்துபோன சம்பங்கி மாலையை விலக்கிவிட்டு டேப்பைப் பிரித்தான். இரண்டு வயர் பிரிந்தது. ஒன்று கூரைக்கு ஏறியது, மற்றது சுவரோரமாகப் போயிற்று. கருத்தம்மா முன்னால் வந்தாள். பனியன் தையலைத் தடவுவது போல அந்த இரண்டாவது வயரை விரலால் தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்து போனாள். ஜன்னல் வரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இது நீங்க போட்டதா?"

"நான்தான்."

"நான் பத்த வச்ச அன்னைக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு செக்கிங்குக்குத் திரும்பிப் போனாள். மற்ற பெண்கள் வழி விட்டார்கள். இத்தனை வருஷமாக இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தவளைத் தலை குனிந்து நடக்கவைத்துவிட்டோம் என்று வீரணனுக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி அதெல்லாம் செய்வதில்லை, நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

முனீஸ் கீழே குந்தி உட்கார்ந்து அந்த இரண்டு வயரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அப்ப வெயிலுல ஒண்ணுமே வராதாண்ணே?"

"வரும். கொஞ்சம் வரும்."

"எம்புட்டு?"

வாயில் ஏதோ ஒரு கணக்கு வந்தது. வீரணன் அதை விழுங்கினான். "நாளைக்குப் பாத்துருவோம்."

மறுநாள் நல்ல வெயில். கொப்பரையைக் காலி பண்ணிவிட்டுக் காலையிலிருந்து பேனல் வயரை மட்டும் கொடுத்திருந்தான். மூன்றரை மணிக்குக் கரண்ட் போனதும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கொப்பரை நாலு விரல் எழும்பியிருந்தது. பாய்லருக்கு அது காணாது என்று பார்த்தாலே தெரிந்தது. வீரணன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பர்னரைத் திறந்து தீக்குச்சி காட்டினான். 'டப்' என்றது. தீ தெரியவில்லை. செக்கிங்கிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள், "அதுவும் எரியலடி" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். உப்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வீரணன் அதைத் தொடவில்லை.

"எரியுதாண்ணே?" என்று முனீஸ் கேட்டான்.

"எரியுது. கைய வச்சிராத."

தண்ணீர் சலசலக்க ரொம்ப நேரம் ஆயிற்று. கொப்பரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடி தட்டுகிற நேரத்தில் கொதி வந்தது. தேயிலையும் சர்க்கரையும் போட்டான். ஒரு முழு நாள் திருப்பூர் வெயில் மொத்தமும் அந்தப் பாத்திரத்தில் இருந்தது. வடிகட்டி ஊற்றியபோது சரியாகப் பன்னிரண்டு டம்ளர் வந்தது, பதிமூன்றாவதுக்குச் சொட்டு இல்லை. ஆளுக்கு ஒன்று எடுத்துக் குடித்தார்கள். ரோட்டில் நாலு கட்டடம் தள்ளி அந்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

முனீஸ் மட்டும் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் நாளையிலேருந்து அங்க போறேண்ணே. சொல்லிவிட்டுட்டேன்" என்றான்.

"போடா. போகத்தான் வேணும்."

"தீபாவளிக்கு ஊருக்குப் போனா உங்க வீட்டுலயும் பாத்துட்டு வாரேன். இத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினான். "நீங்க குடிங்கண்ணே. உங்க மெஷின்ல போட்டதுல்ல."

வீரணன் வாங்கிக்கொண்டான். இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஒரு வாய் குடித்தான். முனீஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"நல்லாயிருக்காண்ணே?" என்று கேட்டான் முனீஸ்.

வீரணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைக் கொப்பரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தெரியலடா" என்றான்.